ஒன்பது பேருக்கு ஒரே காது

காது சோதனையில் நான் ஒன்பது முறை தேறியிருக்கிறேன். ஒரே காலையில், ஒரே நாற்காலியில். பத்தாவதாக என் பெயரைக் கூப்பிடும்போது டீ வந்துவிட்டது. அதனால் என் காதுக்கு மட்டும் அன்று சோதனை நடக்கவில்லை.

நடந்த இடம் ஒரகடம். பெரிய கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் நான் அப்போது பாதுகாப்புப் பிரிவு உதவியாளர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவும் ஒரு டிராலிப் பையுமாக வந்து, மண்ணூரில் நாலு பெண்கள் தங்கிய அறையில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பாதுகாப்புப் பிரிவில் மொத்தம் இரண்டே பேர். அதிகாரி ஒருவர், அவர் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார். மீதி நான். என்ன வேலை என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டால், ஆட்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்பேன். உண்மையில் நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது காகிதங்களைத்தான். காகிதம் ஒன்றுக்குக்கூட என் காலத்தில் அடிபட்டதில்லை.

அதில் எனக்கு நல்ல கைப்பழக்கமும் வந்திருந்தது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் தினமும் பார்த்து டிக் போட வேண்டிய அட்டையை, மாதக் கடைசியில் ஒரே மத்தியானத்தில் முப்பது நாளுக்கும் நான் போட்டுவிடுவேன். நாலு பேனா வைத்திருந்தேன். நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, அழுத்தினால்தான் எழுதும் ஒன்று, மை கசியும் ஒன்று. பத்து நாளுக்கு ஒரு தரம் அட்டையில் லேசாக கிரீஸ் விரலை வைப்பேன். பார்க்கிறவர்கள் மெஷின் பக்கத்திலேயே தொங்கிய அட்டை என்று சத்தியம் செய்வார்கள். இதையெல்லாம் அப்போது திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண் என்றுதான் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் பிரஸ் ஷாப்பின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வரிசை பிரஸ் மெஷின்கள், ஒவ்வொரு அடிக்கும் தரை ஒருமுறை குலுங்கும். பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு மாமியாரைப் பற்றி முழு நீளக் கதை பேசி, சிரித்து, பதிலும் வாங்குவார்கள். புதிதாக வந்த நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். காதில் வைக்கும் ஆரஞ்சு நிற இயர் பிளக்குகள் என் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தன. வாடிக்கைக் கம்பெனியிலிருந்து ஆடிட் வரும் நாளில் மட்டும் அவற்றை எடுத்துக் கொடுத்து, மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவேன்.

வருடத்துக்கு ஒருமுறை காது சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு வண்டி வரும். உள்ளே சின்னக் கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, காதில் மாட்டும் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். பீப் என்று கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வண்டி வந்து கேன்டீன் பக்கம் நின்ற அந்தக் காலையில் வாடிக்கைக்காரருக்கு அவசரமாக லாரி அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்பது ஆபரேட்டர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

“ஒம்பது பேர அனுப்பிச்சா லைன் நின்னுடும்மா” என்றார். “நீ சும்மாதானே கீற? நீயே போய் ஒக்காரு. காதுன்னா காதுதான், அது யாருதா இருந்தா இன்னா?”

எனக்கு அது பெரிய தமாஷாகப் பட்டது. போய் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த டெக்னீஷியன் தலையைத் தூக்காமல் நம்பர் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாவது தரம் நான் ஏறியபோது நிமிர்ந்து பார்த்து, “மேடம், துப்பட்டாவையாவது மாத்திப் போட்டுக்கினு வாங்க” என்றார். அதோடு அவர் கடமை முடிந்தது.

ஒரே மாதிரி ஒன்பது ரிப்போர்ட் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று எனக்குத் தெரியாதா? ஆளுக்கு ஆள் காதை மாற்றினேன். வயதானவர் ஒருவருக்காக மெல்லிய பீப்புகளை வேண்டுமென்றே விட்டேன். இன்னொருவருக்கு வலது காதில் கொஞ்சம் மந்தம் கொடுத்தேன். நாலு பேனா வைத்திருந்தவளுக்கு நாலு காது வைத்துக்கொள்வதா கஷ்டம்?

ஒன்பதாவது பெயர் அக்காவுடையது.

அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷன் வீட்டு நிலத்தில் பாதி பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள், மீதியில் இன்னும் பயிர் வைக்கிறார்கள். அக்கா நடு வரிசையில் பெரிய பிரஸ் ஒன்றை ஓட்டுவார். கம்பெனி பஸ்ஸில் எனக்காக ஜன்னல் சீட்டில் கைப்பையைப் போட்டு வைப்பார். வேறு யாராவது உட்கார வந்தால், “ஆள் வருது, தின்னவேலி வருது” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்வார். எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான். சங்கரன்கோவில் வேறு, திருநெல்வேலி வேறு என்று ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்தேன். “எல்லாம் ஒரே பக்கம்தாண்டி, போ” என்றுவிட்டார். மண்ணூர் அறையில் எனக்கு டைபாய்டு வந்தபோது, ஷிப்ட் முடித்து மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.

அதனால் அவர் பெயர் வந்ததும் நான் விளையாட்டை நிறுத்தினேன். அக்காவுக்கு மந்தம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டேன். எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி வந்த பீப்பைக்கூட விடவில்லை. எட்டுப் பேருக்கும் சுமாரான காது, அக்காவுக்கு மட்டும் முதல் தரக் காது. சந்தோஷமாகக் கீழே இறங்கி, அவர் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவே இல்லை. மறு வருடமும் வண்டி வந்தது, மறு வருடமும் இதே கதை.

அதற்குப் பிறகு நான் வேலை மாறினேன். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று தணிக்கை செய்து அறிக்கை கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். சேரும்போது எல்லோருக்கும் உடல் பரிசோதனை உண்டு. அப்போதுதான் முதல் தரமாக என் காதை என் பெயரிலேயே சோதித்தார்கள். இடது காதில், தாழ்ந்த சுருதி ஒன்றில் மட்டும் கோடு சின்னதாக இறங்கியிருந்தது. “சின்ன வயசுல காதுல சீழ் வச்சுதா?” என்று டாக்டர் கேட்டார். வைத்தது. கிணற்றில் குதித்து வாங்கிய வினை. ஒன்றும் பயமில்லை, அது இப்படியேதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

தணிக்கை வேலையில் நான் பேர் வாங்கினேன். மறைமலை நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, நான் வருகிறேன் என்றால் கூடுதலாக ஒரு நாள் அவகாசம் கேட்பார்கள். என்னை ஏமாற்றுவது கஷ்டம். எல்லா வித்தையும் நானே செய்து பார்த்ததுதான். ஒரு கம்பெனியில் மெஷின் அட்டை வருடம் முழுக்க அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. மெஷினை ஓட்டிப் பார்த்து, அவசர பட்டனை அழுத்திப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று காலை ஆறு மணிக்கே கையெழுத்து. “அன்னைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சு, வாழைக்கன்னு கட்டி, கரண்ட்ட ஆஃப் பண்ணி, பொரி கடலை குடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்களே சார், யாரு ஓட்டுனது?” என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார், அதுவாவது பதில் சொல்லாதா என்று. இந்தத் தப்பு வேறு எந்த ஊரில் நடக்கும்? பூஜையும் ஒழுங்காகச் செய்வார்கள், பொய்யும் ஒழுங்காக எழுதுவார்கள், இரண்டும் ஒரே தேதியில் விழும் என்பது மட்டும் நினைவுக்கு வராது.

இன்னோர் இடத்தில் தீயணைப்பு சிலிண்டர்கள் என்னோடு கூடவே பயணம் செய்தன. காலையில் ஒரு கம்பெனியில் பார்த்த, அடிவயிறு நசுங்கிய சிவப்பு சிலிண்டரை மத்தியானம் பக்கத்துக் கம்பெனியில் பார்த்தேன். குட்டியானை வண்டியில் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. பிரியாணி வித்தை எல்லா இடத்திலும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு ஷாப்புக்குள் போகலாம் என்றால், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் மேடம் என்பார்கள். சாப்பாடு இரண்டு மணி வரை வராது. மூன்று மணிக்குத் தூக்கம் வரும், நாலு மணிக்கு ஆடிட்டர்களுக்கு ஊர் போகும் நினைப்பு வரும். நான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

காது சோதனைக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, மெஷின் நிற்கும் டீ நேரத்தில் ஆபரேட்டர் ஒருவர் எதிரில் போய் நின்று, வாயை ஃபைலால் மறைத்துக்கொண்டு, “சாப்டீங்களா?” என்று கேட்பேன். காது கேட்கிறவர் ஆச்சு மேடம் என்பார். கேட்காதவர் ஃபைலைத் தாண்டி என் உதட்டைத் தேடுவார். ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அந்தக் கண் பொய் சொல்லாது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிவிட்டு, கொசுறாக என் ஒன்பது காதுக் கதையையும் சொல்வேன். துப்பட்டா இடம் வரும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வருடம் ஒரு காலையில், ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். ஸ்கூட்டியை ஓரம் கட்டி, “அக்கா!” என்று கத்தினேன். திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள், அக்கா திரும்பவில்லை. கோபமா என்ன, ஒரு போன்கூடப் பண்ணாமல் விட்டுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவர் என்னை யாரோ என்று பார்த்தார். தலையில் ஹெல்மெட், முகத்தில் தூசுக்காகச் சுற்றிய துப்பட்டா. அதற்குள்ளிருந்து எப்படி இருக்கீங்க, வீட்டில் எல்லோரும் சுகமா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் கண் துணிக்கு மேலே என் வாய் இருக்கும் இடத்தைத் தேடியது.

துணியை இழுத்துக் கீழே விட்டேன்.

“அட, தின்னவேலி!” என்று முகம் மலர்ந்தார். நான் இன்னும் சத்தமாகப் பேச வாயைத் திறந்தேன். “கத்தாதடி. மூஞ்சக் காட்டு, அது போதும்.”

பாலத்துக் கீழேயே ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்டின் ஹாரன் கேட்காமல் நின்றிருக்கிறார். நல்லவேளை, இடுப்பில் உரசியதோடு போயிற்று. மறுநாளே கம்பெனி அவரை வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டது. பிரஸ் ஷாப் சத்தத்தால்தான் காது போனது என்று முடிவானால் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை வரும். அதற்கு மனு போட்டார். மருத்துவக் குழு தள்ளிவிட்டது. மேல்முறையீடாக ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம், அதுவும் அடுத்த மாதம்.

“ஏங்கா தள்ளுனாங்க?”

“கம்பெனிக்காரன் அஞ்சு வர்சத்து பேப்பர் குட்த்துகீறான். அதுல என் காது சூப்பரா கீதாம். அஞ்சு வர்சமும் நல்லா கீற காது திடீர்னு எப்டி போவும், போன்ல பாட்டு கேட்டு கெட்த்துக்கினியான்றாங்க. என் போன்ல பட்டன்தாண்டி கீது, பாட்டு எங்க கீது?” என்று கட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். “வண்டில ஏறி டெஸ்ட் எட்த்தேன்றாங்க. எந்த வண்டி? கம்பெனி பஸ்ஸத் தவுர நான் ஒரு வண்டிலயும் ஏறுனதே இல்லன்னு சொன்னா, கையெழுத்து கீதேன்றாங்க. நீதான் இந்த ஆடிட்லாம் பண்றவளாச்சே, இது இன்னான்னு பாரு.”

பார்த்தேன். முதல் இரண்டு காகிதமும் வண்டியில் எடுத்தவை. அடுத்த மூன்றும் அவற்றின் நகல்கள், தேதி மட்டும் புதுசு. எனக்குப் பிறகு வந்தவர்கள் ஓர் ஆளை உட்கார வைக்கக்கூட மெனக்கெடவில்லை. ஐந்திலும் வலது காதுக் கோடு சமதரையாக ஓடியது. இடது காதுக் கோடு, தாழ்ந்த சுருதி ஒன்றில் மட்டும், சின்னதாக இறங்கி ஏறியது.

என் காது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனில் ஐந்து காகிதத்தையும் படம் பிடித்துக்கொண்டு, “பாத்துட்டுச் சொல்லுதேன்க்கா” என்று எழுந்துவிட்டேன். ஊரில் உள்ள மேனேஜர்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிறவள், ஜூஸைக்கூட முழுக்கக் குடிக்காமல் ஓடினேன்.

அன்று ராத்திரியே தப்பிக்க ஒரு வழி தோன்றியது. மருத்துவக் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம். ஐந்து ரிப்போர்ட்டும் பொய், அதில் மூன்று வெறும் நகல், அந்த ஆபரேட்டர் சோதனைக்கே போகவில்லை, விசாரிக்கவும் என்று டைப் செய்து, சுங்குவார்சத்திரம் வரை போய்த் தபாலில் போட்டேன். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? எனக்கு வருகிற மொட்டைக் கடிதங்களை நானே அப்படித்தான் தூக்கிப் போடுவேன். பெயர் போடத் துணிவில்லாதவன் சொல்வதை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலில் அந்த வாரம் இரண்டு கம்பெனிகளை அநியாயத்துக்குப் பிழிந்தேன். பாவம், அவர்களுக்கு எதற்கு என்றே தெரியாது.

கடைசியில் அக்காவுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டதில், மாத்திரை வாங்கத் தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார். போனேன். வராந்தா பெஞ்சு முழுக்க ஆட்கள். அக்கா பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தேன்.

அக்கா என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். “கீழ பாத்து பேசினா எனக்கு இன்னாடி தெரியும்? மேல பாத்து சொல்லு.”

அதுதான் கொடுமை. மன்னிப்புக் கேட்பதை எல்லோரும் முணுமுணுத்துத்தான் கேட்போம். பாதி வார்த்தையை விழுங்குவோம், மீதியை அழுகையில் கரைப்போம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவரிடம் அதெல்லாம் நடக்காது. அழுதால் வாய் கோணும், அவருக்குப் புரியாது. நேராக முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அன்று வண்டி வந்தது அக்கா. உங்களுக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. “இன்னா? யாரு ஒக்காந்தா?” என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தரம் சொன்னபோது வராந்தாவே அமைதியாகிவிட்டது. மருந்துச் சீட்டோடு நின்றவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

“மத்தவங்களுக்கும் நீதான் ஒக்காந்தியா?”

“ஆமாக்கா. ஒம்பது பேருக்கு. மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொறச்சுக் குடுத்தேன். உங்களுக்கு மட்டும் நல்லாக் கேட்டேன்.”

“எனக்கு மட்டும் இன்னாத்துக்கு நல்லா?”

“பிரியத்துலக்கா” என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

திட்டுவார், ஓர் அறைகூடக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அன்னிக்கே என் காது ஙொய்ங்குனுதான் இருந்துச்சு” என்றார், சாதாரணமாக. “நைட்டு படுத்தா அந்த மெஷினு உள்ளயே ஓடும். யாரன்ட சொல்றதுன்னு தெர்ல. இப்டி ஒரு வண்டி வந்துகீதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே ஓடியாந்துருப்பேன்டி.”

நான் கெடுத்தது அவருடைய காகிதத்தை மட்டும் அல்ல, ஐந்தாறு வருடக் காதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று உண்மையான கோடு வந்திருந்தால் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி நானே எழுதியிருப்பேன். பயிற்சி வகுப்பில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்தேனே, அதை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுதேன். “அத்த அப்பறம் பண்ணு” என்றார் அக்கா. “இப்ப சொன்னத எழ்திக் குடு. பேர் போட்டு குடு.”

பெயர் போட்டு, முகவரி போட்டு, எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் போட்டு, நாலு பக்கம் எழுதினேன். மற்ற எட்டுப் பேரின் விவரத்தையும் சேர்த்தேன். மேல்முறையீட்டில் மருத்துவக் குழுவின் டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். வயதான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர்.

“நீங்க அவங்களுக்கு வேண்டியவங்க. அவங்களுக்கு உதவ இதை இட்டுக்கட்டி எழுதியிருக்கீங்கன்னு நான் ஏன் நெனைக்கக் கூடாது?”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். “நெனைக்கலாம் சார்” என்றேன். “ஆனா மத்த எட்டுப் பேருக்கு நான் வேணும்னே தப்பா அழுத்தினேன். இவங்களுக்கு மட்டும்தான் நெஜமாக் கேட்டேன். அதனால இந்தக் கோடு அப்படியே என் காது. இடது பக்கம் ஒரு எறக்கம் இருக்கு பாருங்க. என் காத இப்பவே சோதிச்சுப் பாத்துக்கோங்க.”

அவர் காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மணியை அடித்தார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துச் சோதனை நடந்தது, அதில் மூன்று பேருக்குக் காது மோசம். என் நிறுவனத்தில் என்னைத் தணிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். “திருடனைப் பிடிக்கிற ஆள்னு நெனச்சேன், நீ அனுபவஸ்தின்னு சொல்லவே இல்லயேம்மா” என்றார் என் மேலாளர், பாதி கோபமும் பாதி கிண்டலுமாக. ஒன்பது காதுக் கதையை வகுப்பில் அவரே எத்தனையோ தரம் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவரும் அறிக்கைகளைச் சரிபார்க்கிறேன். பரவாயில்லை. இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன்.

அன்று மணி அடித்ததும் என்னைக் காது சோதனை அறைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடிக் கூண்டு, ஹெட்போன், பட்டன். ஒரு பீப்பையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சோதித்த பெண் இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, “அதே எறக்கம் மேடம், இம்மி பிசகல” என்றாள். பிறகு நான் பயந்துவிடக் கூடாதே என்று, “மத்தபடி உங்க காது ரொம்ப நல்லா இருக்கு. பிரஸ் ஷாப்ல வேலை பாத்தேன்றீங்க, நம்பவே முடியல” என்று நல்ல மனசோடு சேர்த்துச் சொன்னாள்.

வெளியே வந்தேன். அக்கா கட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. எதிரில் போய் நின்றதும் நிமிர்ந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

அவர் கண் என் உதட்டில் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை.

“கோடு ஒத்துப்போச்சுக்கா. என் காதுதான்னு தெரிஞ்சுபோச்சு.”

“அது செரி. உன் காது எப்டி கீதாம்?”

“நல்லா இருக்காம்க்கா.”

அக்கா தலையை ஆட்டினார். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் இடது காது மேல் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“நல்லா பாத்துக்க” என்றார்.